ஏஎஸ்பி டாட்நெட் கோரில் டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன்: ரெஜிஸ்டர் செய்வது முதல் ஆயுள் பிழைகளைப் பிடிப்பது வரை

ஒரு கிளாஸ் தனக்கு வேண்டியதை எல்லாம் தானே 'நியூ' போட்டு உருவாக்கிக்கொண்டால் மூன்று பொறுப்புகள் அதன் தலையில் ஏறுகின்றன: அந்தப் பொருளை எப்படிக் கட்டுவது, எவ்வளவு நேரம் வைத்திருப்பது, எப்போது அழிப்பது. டிபென்டன்சி இன்ஜெக்‌ஷனில் கிளாசுக்கு வேண்டிய பொருள் வெளியிலிருந்து வருகிறது; அதைக் கட்டிக் கொடுப்பது கன்டெய்னர் என்ற பகுதி. எனவே இந்த மூன்றும் அதன் வேலையாகிவிடும். முதல் பொறுப்பு எல்லோருக்கும் எளிதில் புரிந்துவிடுகிறது. சிக்கல் பெரும்பாலும் இரண்டாவதில், அதாவது ஆயுளில்தான் வருகிறது. ரெஜிஸ்டர் செய்வது, அதாவது கன்டெய்னரிடம் ஒரு கிளாசைப் பதிவு செய்வது, ஒரு வரி வேலை. அந்த வரியில் ஆயுளைத் தவறாகச் சொல்லிவிட்டால் கம்பைலர் வாய் திறக்காது, ஒரே ஆள் உட்கார்ந்து சோதிக்கும்போதும் எல்லாம் சரியாக ஓடும், கூட்டம் வந்த பிறகுதான் உடையும். அதனால் இந்த வழிகாட்டியில் ஆயுளுக்கே அதிக இடம்.

மைக்ரோசாஃப்டின் வெப் ஃபிரேம்வொர்க்கான ஏஎஸ்பி டாட்நெட் கோரில், 2016-இல் வெளிவந்த 1.0 பதிப்பிலிருந்தே கன்டெய்னர் உள்ளேயே இருக்கிறது. இங்கே சொல்வது டாட்நெட் 8-க்கும் அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்கும் பொருந்தும். உதாரணத்துக்கு ஓர் ஆர்டர் செயலி: கன்ட்ரோலர், அதன் கீழே ஆர்டர் சர்வீஸ், அதற்குக் கீழே டேட்டாவை எடுத்துத் தரும் ரெபாசிட்டரி, எல்லாவற்றுக்கும் அடியில் டேட்டாபேசோடு பேசும் என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரின் டிபி-கான்டெக்ஸ்ட்.

படி 1: கன்ஸ்ட்ரக்டரில் கேளுங்கள்

ஆர்டர் சர்வீசுக்கு ரெபாசிட்டரி வேண்டும் என்றால், அதைக் கன்ஸ்ட்ரக்டரின் பாராமீட்டராக வாங்கி, ரீட்ஒன்லி ஃபீல்டில் வைத்துக்கொள்ள வேண்டும். சர்வீஸ் ப்ரொவைடரையே (கேட்ட பொருளை எடுத்துக் கொடுக்கும் கன்டெய்னரின் முகம்) உள்ளே வாங்கி, மெத்தடுக்குள் தேவைப்படும்போதெல்லாம் 'கெட் ரிக்வயர்டு சர்வீஸ்' என்று அழைக்கும் பழக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள். அப்படி எழுதினால் அந்தக் கிளாசுக்கு என்னென்ன வேண்டும் என்பது வெளியே தெரியாது. கன்டெய்னராலும் அதை முன்கூட்டியே சோதித்துச் சொல்ல முடியாது.

ஒரு கிளாசுக்கு இரண்டு மூன்று கன்ஸ்ட்ரக்டர்கள் இருந்தால், கன்டெய்னரால் நிரப்பக்கூடியவற்றில் அதிகப் பாராமீட்டர் உள்ளதைத்தான் அது எடுத்துக்கொள்ளும். எதை எடுப்பது என்று முடிவுசெய்ய முடியாவிட்டால் எக்ஸப்ஷன் எறியும். கன்டெய்னர் கட்டும் கிளாசுக்கு ஒரே கன்ஸ்ட்ரக்டர் போதும். கன்ஸ்ட்ரக்டரின் பாராமீட்டர் 7, 8 என்று போனால் அந்தக் கிளாஸ் இரண்டு ஆள் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். கன்டெய்னரை நோண்டாமல் கிளாசைப் பிரியுங்கள்.

படி 2: பில்டுக்கு முன் ரெஜிஸ்டர் செய்யுங்கள்

ப்ரோகிராம் ஃபைலில் 'பில்டர் டாட் சர்வீசஸ்' என்ற கலெக்‌ஷனில் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். 'பில்டர் டாட் பில்ட்' என்ற வரிக்குக் கீழே சேர்த்தால், கலெக்‌ஷன் ரீட்ஒன்லி ஆகிவிட்டது என்று எக்ஸப்ஷன் வரும். புதிதாக வருபவர்கள் முதல் நாளே இதில் மாட்டுவது வழக்கம்.

வெவ்வேறு டைப்புகளை எந்த வரிசையில் ரெஜிஸ்டர் செய்தாலும் ஒன்றுதான். ரெபாசிட்டரிக்கு முன்னால் சர்வீசை எழுதினாலும் பாதகமில்லை. ஆனால் ஒரே இன்டர்ஃபேசை இரண்டு முறை ரெஜிஸ்டர் செய்தால் வரிசை முக்கியமாகிவிடுகிறது: ஒன்றை மட்டும் கேட்பவருக்குக் கடைசியாகச் சேர்த்ததே கிடைக்கும். 'ஐ-எனியூமரபிள்' ஆகக் கேட்பவருக்கு எல்லாமே, சேர்த்த வரிசையில் கிடைக்கும். விலைக் கழிவு விதிகள், சரிபார்ப்பு விதிகள் போன்றவற்றைக் கோர்க்க இது அருமையான வழி. புதிய விதி வந்தால் ஒரு கிளாஸ், ஒரு ரெஜிஸ்ட்ரேஷன் வரி, அவ்வளவுதான்.

லைப்ரரி எழுதுபவர்கள் 'ட்ரை-ஆட்' வகையைப் பயன்படுத்த வேண்டும். ஏற்கெனவே ஒன்று இருந்தால் அது ஒதுங்கிக்கொள்ளும். சாதாரண 'ஆட்' போட்டால், லைப்ரரியைப் பயன்படுத்துபவர் முன்பே கொடுத்திருந்த தன் சொந்த வடிவத்தின் மேல் உங்களுடையது ஏறி உட்கார்ந்துவிடும்.

ரெஜிஸ்ட்ரேஷன் 30 வரியைத் தாண்டினால், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன் மெத்தட் எழுதிப் பிரித்துவிடுங்கள். 'ஆட்-ஆர்டரிங்', 'ஆட்-பேமென்ட்ஸ்' என்று இரண்டு வரி மட்டும் ப்ரோகிராம் ஃபைலில் நிற்கும்.

படி 3: ஆயுளைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று வகை. சிங்கிள்டன்: செயலி ஓடும்வரை ஒரே பொருள், எல்லா ரிக்வெஸ்டுக்கும் அதுவே. ஸ்கோப்டு: ஒரு ஸ்கோப்புக்கு ஒன்று, வெப் செயலியில் ஸ்கோப் என்பது ஒரு எச்டிடிபி ரிக்வெஸ்ட். டிரான்சியன்ட்: கேட்கும் ஒவ்வொரு முறையும் புதிது.

தேர்வு செய்ய இரண்டு கேள்விகள் கேளுங்கள். இந்தப் பொருளை ஒரே நேரத்தில் பல த்ரெட்கள் (இணையாக ஓடும் வேலைகள்) தொட்டால் தாங்குமா? இது கையில் பிடித்திருக்கும் மற்ற பொருள்கள் இதைவிடக் குறைந்த ஆயுள் கொண்டவையா? முதல் கேள்விக்கு 'தாங்கும்', இரண்டாவதற்கு 'இல்லை' என்றால் மட்டும் சிங்கிள்டன். வரி கணக்கிடும் கிளாஸ், மெமரி கேஷ், நேரம் சொல்லும் கிளாஸ் ஆகியவை இந்த வகை. டிபி-கான்டெக்ஸ்டை நேராகவோ மறைமுகமாகவோ தொடுவது எதுவாக இருந்தாலும் ஸ்கோப்டு. 'ஆட்-டிபி-கான்டெக்ஸ்ட்' தானாகவே ஸ்கோப்டு ஆயுளைத்தான் கொடுக்கிறது. நிலை எதுவும் வைத்துக்கொள்ளாத, உருவாக்கச் செலவில்லாத சின்ன உதவிக் கிளாஸ் டிரான்சியன்ட் ஆகலாம். சந்தேகம் இருந்தால் ஸ்கோப்டு போடுங்கள். வெப் செயலியில் அதுதான் பாதுகாப்பான பக்கம்.

'சிங்கிள்டன் போட்டால் வேகம்' என்ற எண்ணத்தில் ஆர்டர் சர்வீசை 'ஆட்-சிங்கிள்டன்' செய்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கிறது என்று உள்ளே போய்ப் பார்ப்போம். சரிபார்ப்பு (படி 4) ஆஃப் ஆக இருக்கும்போது முதல் ரிக்வெஸ்ட் வருகிறது. கன்டெய்னர் ஆர்டர் சர்வீசைக் கட்டுகிறது, அதற்கு ஒரு ரெபாசிட்டரி, அதற்கு ஒரு டிபி-கான்டெக்ஸ்ட். ரிக்வெஸ்டோடு போக வேண்டிய அந்த டிபி-கான்டெக்ஸ்டை இப்போது சிங்கிள்டன் பிடித்துக்கொண்டது. செயலி அணையும்வரை விடாது. இதிலிருந்து மூன்று கோளாறுகள் கிளம்புகின்றன.

ஒன்று, இரண்டு ரிக்வெஸ்ட் ஒரே நொடியில் வந்தால் இரண்டும் அதே டிபி-கான்டெக்ஸ்டில் க்வெரி ஓட்டும். அது த்ரெட் பாதுகாப்பு இல்லாதது. முந்தைய வேலை முடியும் முன் இரண்டாவது வேலை தொடங்கிவிட்டது என்ற எக்ஸப்ஷன் வரும். இரண்டு, டிபி-கான்டெக்ஸ்ட் தான் படித்த ஒவ்வொரு ரெக்கார்டையும், மாற்றங்களைக் கவனிக்கும் சேஞ்ச் டிராக்கரில் வைத்துக்கொள்ளும். ரிக்வெஸ்ட் முடிந்தால் எல்லாம் கழியும்; இங்கே கழியாது, மெமரி ஏறிக்கொண்டே போகும். மூன்றாவதுதான் கொடுமை. வாடிக்கையாளர் முகவரியை இன்னொரு சர்வர் வழியாக மாற்றியிருப்பார். நீங்கள் மறுபடி க்வெரி ஓட்டுவீர்கள், எஸ்க்யூஎல் போகும், டேட்டாபேஸ் புதிய முகவரியை அனுப்பும். ஆனால் அதே கீ உள்ள ரெக்கார்டு டிராக்கரில் ஏற்கெனவே இருப்பதால், டிபி-கான்டெக்ஸ்ட் பழைய பொருளையே எடுத்துக் கொடுக்கும். பார்சல் பழைய வீட்டுக்குப் போகும், லாகில் ஒரு பிழையும் இருக்காது. செயலியை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும் என்பதால் பல இடங்களில் மூல காரணத்தைத் தேடாமலே விட்டுவிடுகிறார்கள்.

நீண்ட ஆயுள் உள்ளது குறைந்த ஆயுள் உள்ளதைப் பிடித்துவைத்துக்கொள்ளும் இந்தப் பிழைக்குப் பெயர் 'கேப்டிவ் டிபென்டன்சி'. அடுத்த படி இதைப் பிடிப்பதற்கானது.

படி 4: சரிபார்ப்பை எல்லா இடத்திலும் ஓட விடுங்கள்

கன்டெய்னரில் இரண்டு சுவிட்ச் உண்டு. 'வேலிடேட் ஸ்கோப்ஸ்': ஸ்கோப்டு சர்வீசை சிங்கிள்டன் பிடித்தாலோ, எந்த ரிக்வெஸ்டின் ஸ்கோப்புக்கும் உட்படாத ரூட் ப்ரொவைடரிலிருந்து யாராவது கேட்டாலோ எக்ஸப்ஷன் எறியும். 'வேலிடேட் ஆன் பில்ட்': செயலி எழும்போதே, ரெஜிஸ்டர் செய்த ஒவ்வொன்றையும் கட்ட முடியுமா என்று பொருளை உருவாக்காமலேயே பார்க்கும். இரண்டும் டெவலப்மென்ட் சூழலில் மட்டுமே தானாக ஆன் ஆகும். ஸ்டேஜிங்கிலும் புரொடக்‌ஷனிலும் ஆஃப்.

'பில்டர் டாட் ஹோஸ்ட்' இல் உள்ள 'யூஸ் டிஃபால்ட் சர்வீஸ் ப்ரொவைடர்' மெத்தடை அழைத்து இரண்டையும் ட்ரூ ஆக்கலாம். ஸ்டேஜிங்கில் இரண்டும் கட்டாயம் ஆன் இருக்கட்டும். புரொடக்‌ஷனில் 'வேலிடேட் ஆன் பில்ட்' மட்டும் ஆன் செய்தால் செயலி எழும் நேரம் சற்றுக் கூடும், ரிக்வெஸ்ட் வேகத்துக்குப் பாதிப்பில்லை. 'வேலிடேட் ஸ்கோப்ஸ்' ரிக்வெஸ்ட் ஓடும் நேரத்திலும் சற்று வேலை வாங்கும்.

இவை பிடிக்காதவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கன்ட்ரோலர்கள் இயல்பாகக் கன்டெய்னரில் ரெஜிஸ்டர் ஆவதில்லை. அதனால் கன்ட்ரோலரின் கன்ஸ்ட்ரக்டர் கேட்கும் ஏதோ ஒன்று விடுபட்டிருந்தால் 'வேலிடேட் ஆன் பில்ட்' கண்டுகொள்ளாது. அந்த முகவரிக்கு முதல் ரிக்வெஸ்ட் வரும்போது 500 தான். 'ஆட்-கன்ட்ரோலர்ஸ்' பக்கத்தில் 'ஆட்-கன்ட்ரோலர்ஸ்-ஆஸ்-சர்வீசஸ்' சேர்த்தால் அவையும் சோதனைக்குள் வந்துவிடும். ஒரே ஒரு வரிதான், ஆனால் டிப்ளாய் செய்த பின் வரும் பல அழைப்புகளைத் தடுக்கும். லாம்டா எழுதி ஃபேக்டரியாக ரெஜிஸ்டர் செய்தவற்றின் உள்ளேயும், ஓப்பன் ஜெனரிக் (டைப் பாராமீட்டர் இன்னும் நிரப்பப்படாத) டைப்புகளுக்குள்ளும் இந்தச் சோதனை நுழையாது. இன்னொன்று: ஸ்கோப்டு எதையும் தொடாத டிரான்சியன்டை சிங்கிள்டன் பிடித்தால் எந்தச் சுவிட்சும் எச்சரிக்காது. அந்த டிரான்சியன்ட் த்ரெட் பாதுகாப்பானதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

படி 5: ரிக்வெஸ்ட் இல்லாத இடங்களில் ஸ்கோப்பை நீங்களே திறக்க வேண்டும்

ரிக்வெஸ்ட் இல்லாமல் பின்னணியில் ஓடும் பேக்ரவுண்ட் சர்வீஸ்தான் இதில் முதல் ஆள். 'ஆட்-ஹோஸ்டட் சர்வீஸ்' அதை சிங்கிள்டனாகவே சேர்க்கும். அதனால் டிபி-கான்டெக்ஸ்டை அதன் கன்ஸ்ட்ரக்டரில் வாங்க முடியாது. 'ஐ-சர்வீஸ் ஸ்கோப் ஃபேக்டரி'யை வாங்குங்கள். வேலை ஓடும் லூப்புக்கு உள்ளே, ஒவ்வொரு சுற்றிலும், 'கிரியேட் அசிங்க் ஸ்கோப்' அழைத்து 'அவெய்ட் யூசிங்' போட்டு, அந்த ஸ்கோப்பிலிருந்து தேவையானதை எடுங்கள். ஸ்கோப்பை லூப்புக்கு வெளியே ஒரே முறை திறந்தால் படி 3-இல் பார்த்த கேப்டிவ் பிழையேதான், வேறு சட்டை போட்டு வந்திருக்கும்; சரிபார்ப்புச் சுவிட்சும் இதைப் பிடிக்காது. டாட்நெட் 6 முதல், பேக்ரவுண்ட் சர்வீசுக்குள் பிடிபடாத எக்ஸப்ஷன் வந்தால் மொத்தச் செயலியும் நின்றுவிடும். ட்ரை-கேட்ச் ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் இருக்க வேண்டும்.

ரிக்வெஸ்ட் கன்ட்ரோலரை அடையும் முன் கடந்துவரும் மிடில்வேர் அடுத்தது. சாதாரண முறையில் எழுதிய மிடில்வேர் கிளாஸ் செயலி எழும்போது ஒரே முறை கட்டப்படுகிறது. அதன் கன்ஸ்ட்ரக்டரில் ஸ்கோப்டு சர்வீஸ் கேட்காதீர்கள். 'இன்வோக் அசிங்க்' மெத்தடில், எச்டிடிபி கான்டெக்ஸ்டுக்கு அடுத்த பாராமீட்டராகக் கேளுங்கள். ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் அந்தந்த ஸ்கோப்பிலிருந்து வரும்.

ரிக்வெஸ்டுக்குள் 'டாஸ்க் டாட் ரன்' போட்டு, காத்திருக்காமல் பதில் அனுப்பிவிடுவது இன்னொரு வலை. பதில் போனதும் ஸ்கோப் மூடப்படும், டிபி-கான்டெக்ஸ்ட் டிஸ்போஸ் ஆகும், பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் வேலை 'ஆப்ஜெக்ட் டிஸ்போஸ்டு' எக்ஸப்ஷனில் விழும். வேலையை ஒரு சேனலில் (வேலைகள் வரிசையில் நிற்கும் இடம்) போட்டு, பேக்ரவுண்ட் சர்வீஸ் எடுத்துச் செய்யும்படி அமையுங்கள்.

ப்ளேசர் சர்வரில் எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு: அங்கே ஸ்கோப் என்பது ரிக்வெஸ்ட் இல்லை, பயனரின் சர்க்யூட், அதாவது சர்வரோடு அவருக்கு இருக்கும் தொடர்பு. பயனர் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும்வரை ஸ்கோப்டு பொருள் உயிரோடு இருக்கும். அங்கே 'ஆட்-டிபி-கான்டெக்ஸ்ட்-ஃபேக்டரி' பயன்படுத்தி, ஒவ்வொரு செயலுக்கும் ஒரு டிபி-கான்டெக்ஸ்ட் திறந்து மூடுவதே சரி.

படி 6: கான்ஃபிகரேஷனை ஆப்ஷன்ஸ் வழியாகக் கொடுங்கள்

ஆப்செட்டிங்ஸ் ஜேசான் ஃபைலின் ஒரு பகுதியை ஒரு கிளாசோடு 'பைண்ட்' செய்து, அந்தக் கிளாசை இன்ஜெக்ட் செய்ய மூன்று வடிவம் உண்டு. 'ஐ-ஆப்ஷன்ஸ்' சிங்கிள்டன், மதிப்பு மாறாது. 'ஐ-ஆப்ஷன்ஸ் ஸ்னாப்ஷாட்' ஸ்கோப்டு, ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் புதிதாகப் படிக்கும். 'ஐ-ஆப்ஷன்ஸ் மானிட்டர்' சிங்கிள்டன், ஆனால் ஃபைல் மாறினால் புதிய மதிப்பைத் தரும். சிங்கிள்டன் சர்வீசுக்குள் மாறும் மதிப்பு வேண்டுமானால் மானிட்டர்தான். அதன் மதிப்பைக் கன்ஸ்ட்ரக்டரில் எடுத்து ஃபீல்டில் வைத்துக்கொண்டால் பயனே போயிற்று, தேவைப்படும்போதெல்லாம் 'கரன்ட் வேல்யூ'வைக் கேளுங்கள்.

கூடவே 'வேலிடேட் டேட்டா அனோட்டேஷன்ஸ்', 'வேலிடேட் ஆன் ஸ்டார்ட்' இரண்டையும் சேருங்கள். பேமென்ட் கேட்வேயின் முகவரி காலியாக இருந்தால் முதல் வாடிக்கையாளர் பணம் கட்டும்போது தெரியக் கூடாது, செயலி எழும்போதே தெரிய வேண்டும்.

படி 7: எச்டிடிபி கிளையன்ட்

'ஆட்-எச்டிடிபி-கிளையன்ட்' மூலம் டைப்டு கிளையன்ட் ரெஜிஸ்டர் செய்தால் அது டிரான்சியன்ட். அடியில் உள்ள ஹேண்ட்லரை (இணைப்பைக் கையாளும் பகுதி) எச்டிடிபி கிளையன்ட் ஃபேக்டரி சேமித்து, இயல்பாக 2 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றும். டிஎன்எஸ் மாற்றம் அப்படித்தான் செயலிக்குத் தெரியவருகிறது. டைப்டு கிளையன்டை ஒரு சிங்கிள்டன் பிடித்துக்கொண்டால் அந்த மாற்றம் நடக்காது, எதிர்ப்பக்கச் சர்வரின் ஐபி மாறிய பிறகும் பழைய ஐபிக்கே போய்க்கொண்டிருக்கும். சிங்கிள்டனுக்குள் தேவை என்றால் 'ஐ-எச்டிடிபி கிளையன்ட் ஃபேக்டரி'யை வாங்கி, ஒவ்வொரு முறையும் புதிய கிளையன்ட் கேளுங்கள்.

இங்கே பலரும் விழும் ஒரு குழி உண்டு. பேமென்ட் கிளையன்டை 'ஆட்-எச்டிடிபி-கிளையன்ட்' இல் பேஸ் அட்ரஸ் எல்லாம் கொடுத்துச் சேர்த்திருப்பார்கள். கீழே வேறு யாரோ பழக்க தோஷத்தில் அதே இன்டர்ஃபேசை 'ஆட்-ஸ்கோப்டு' செய்திருப்பார்கள். கடைசியில் சேர்த்தது ஜெயிக்கும் அல்லவா? கிளாஸ் கட்டப்படும், எச்டிடிபி கிளையன்டும் கிடைக்கும், ஆனால் எதுவும் அமைக்கப்படாத வெறும் கிளையன்ட். ஓட்டினால், ரிக்வெஸ்ட் முகவரி தவறு, பேஸ் அட்ரஸ் கொடுக்க வேண்டும் என்று பிழை வரும். கொடுத்திருக்கிறோமே என்று கான்ஃபிக் ஃபைலைத் துழாவி நேரத்தை வீணாக்காமல், இரண்டாவது ரெஜிஸ்ட்ரேஷனைத் தேடி அழியுங்கள்.

படி 8: ஒரே இன்டர்ஃபேஸ், இரண்டு வடிவம்

அறிவிப்பை எஸ்எம்எஸ் ஆகவும் மின்னஞ்சலாகவும் அனுப்ப இரண்டு கிளாஸ், ஒரே இன்டர்ஃபேஸ். டாட்நெட் 8-இல் வந்த கீடு சர்வீஸ் இதற்குத்தான்: 'ஆட்-கீடு-ஸ்கோப்டு' இல் ஒரு கீ கொடுத்துச் சேர்த்து, கன்ஸ்ட்ரக்டர் பாராமீட்டரின் மேல் 'ஃப்ரம் கீடு சர்வீசஸ்' ஆட்ரிபியூட்டில் அதே கீயைக் கொடுக்க வேண்டும். கீயைச் சரமாக இரண்டு இடத்தில் தட்டச்சு செய்யாமல் ஒரு கான்ஸ்டன்டில் வையுங்கள். கீ இல்லாமல் சாதாரணமாகக் கேட்டால் கீடு சர்வீஸ் கிடைக்காது.

படி 9: யார் அழிப்பது?

விதி எளிது: கன்டெய்னர் கட்டியதைக் கன்டெய்னரே டிஸ்போஸ் செய்யும், நீங்கள் கட்டி, பொருளாகவே கொடுத்ததை அது தொடாது. எனவே இன்ஜெக்ட் ஆன டிபி-கான்டெக்ஸ்டை உங்கள் மெத்தடில் 'யூசிங்' போட்டு மூடாதீர்கள். அதே ரிக்வெஸ்டில் அடுத்து வரும் கிளாசுக்கும் அதே பொருள்தான் போகும்.

டிஸ்போசபிள் ஆன டிரான்சியன்ட் பொருள்களில் கவனம் வேண்டும். எந்த ஸ்கோப்பிலிருந்து கேட்டீர்களோ, அது மூடும்வரை ஒவ்வொன்றையும் கன்டெய்னர் பட்டியலில் வைத்திருக்கும். ரூட் ப்ரொவைடரிலிருந்து நிமிடத்துக்கு 100 கேட்டால், ஒரு நாளில் 1,44,000 பொருள்கள் செயலி அணையும்வரை மெமரியிலேயே கிடக்கும். ஜிசி (தேவையற்ற மெமரியைத் துடைக்கும் கார்பேஜ் கலெக்டர்) அவற்றைத் தொட முடியாது. மெமரி டம்ப் எடுத்துப் பார்க்கும்போது ஒரே டைப் லட்சக்கணக்கில் ரூட் ஸ்கோப்பில் தொங்கினால் காரணம் இதுதான்.

படி 10: சோதனையில் மாற்றிக் கொடுப்பது

செயலியைச் சோதனைக்காக எழுப்பும் 'வெப் அப்ளிகேஷன் ஃபேக்டரி'யில் 'கன்ஃபிகர் டெஸ்ட் சர்வீசஸ்' செயலியின் ரெஜிஸ்ட்ரேஷன்களுக்குப் பிறகே ஓடும். அதனால் அங்கே சேர்க்கும் போலி பேமென்ட் கிளையன்ட் ஜெயிக்கும். டிபி-கான்டெக்ஸ்டுக்கு மட்டும் இது போதாது. அதன் 'டிபி-கான்டெக்ஸ்ட் ஆப்ஷன்ஸ்' ரெஜிஸ்ட்ரேஷனை நீக்கிவிட்டுத்தான் சோதனை டேட்டாபேசைச் சேர்க்க வேண்டும். இஎஃப் கோர் (என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர்) 9 முதல் 'ஐ-டிபி-கான்டெக்ஸ்ட் ஆப்ஷன்ஸ் கான்ஃபிகரேஷன்' என்ற ஒன்றையும் நீக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு டேட்டாபேஸ் ப்ரொவைடர்கள் ரெஜிஸ்டர் ஆகியிருக்கின்றன என்று சோதனை நின்றுவிடும்.

பிழைச்செய்தி வந்தால்

'அனேபிள் டு ரிசால்வ் சர்வீஸ்' என்று தொடங்கினால் இரண்டு பெயர்கள் இருக்கும். முதல் பெயர் விடுபட்டது, இரண்டாவது பெயர் அதைக் கேட்டது. ரெஜிஸ்டர் செய்திருக்கிறோமே என்று தோன்றினால், கிளாசை மட்டும் சேர்த்துவிட்டு இன்டர்ஃபேசைக் கேட்கிறீர்களா என்று பாருங்கள். இன்டர்ஃபேசுக்குப் பதில் கிளாசையே கேட்டாலும் இதே செய்திதான்.

'கேனாட் கன்ஸ்யூம் ஸ்கோப்டு சர்வீஸ்' என்பது கேப்டிவ் பிழை. பதற்றத்தில் உள்ளே இருப்பதையும் சிங்கிள்டனாக மாற்றிவிடாதீர்கள். அது செய்தியை மட்டும் அழிக்கும், பிழையை உள்ளே விட்டுவிடும். வெளியே இருப்பதை ஸ்கோப்டு ஆக்குங்கள். முடியாவிட்டால் ஸ்கோப் ஃபேக்டரி.

'எ சர்க்குலர் டிபென்டன்சி வாஸ் டிடெக்டட்' என்றால் ஆர்டர் சர்வீஸ் இன்வாய்ஸ் சர்வீசைக் கேட்கிறது, அது திரும்ப ஆர்டர் சர்வீசைக் கேட்கிறது. 'லேசி' (தேவைப்படும்போது மட்டும் கட்டுவது) போட்டுச் சுற்றை மறைக்கும் யோசனை இணையத்தில் நிறையக் கிடைக்கும், எடுக்காதீர்கள். இன்வாய்ஸ் சர்வீஸ் ஆர்டர் சர்வீசிடம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு மெத்தடுகள்தான், உதாரணத்துக்கு ஆர்டரின் மொத்தத் தொகையைக் கணக்கிடுவது. அதை மட்டும் வெட்டி 'ஆர்டர் டோட்டல் கால்குலேட்டர்' என்று தனிக் கிளாசாக்கி, இரண்டு சர்வீசும் அதைக் கேட்கும்படி மாற்றினால் சுற்று அவிழ்ந்துவிடும்.